ஒரு வகுப்பு தவறினால் ஒரு வருடம்

கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரின் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறேன். சேர வரும் பிள்ளைகளிடம் நான் மதிப்பெண் கேட்பதில்லை. “இரண்டு வருஷம் கழித்து எங்கே போகப் போகிறாய்?” என்றுதான் கேட்கிறேன்.

இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. பாட அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். வெளிநாட்டு மாணவர்களுக்கோ பல மடங்கு. உரிய பாடங்களோடு 60 யூனிட் முடித்தால் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ அதில் சேர்த்தியில்லை.

சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. பெரிய கல்லூரியில் ஒவ்வொரு பருவமும் நடக்கும் பொறியியல் இயற்பியல், எங்களிடம் வருடத்துக்கு ஒரு முறைதான். ஆள் சேராவிட்டால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். என் மாணவி ஒருத்தி கால்குலஸைத் தள்ளிப்போட்டாள். அதை முடிக்காமல் இயற்பியலில் சேர முடியாது. ஒரு முழு வருடம் போயிற்று. அன்று அவள் என் அறையில் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: முதல் வாரமே ஆலோசகரைப் பாருங்கள். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

என் வகுப்பில் இருபது பேர். எல்லார் பெயரும் எனக்குத் தெரியும். யாருக்கு இரவு வேலை, யாருக்குக் கைக்குழந்தை என்றும் தெரியும். சந்தேகம் இருந்தால் வாருங்கள், என் அறைக் கதவு திறந்தேதான் இருக்கும்.