மே மாதம் வேண்டாம், அக்கா

மும்பை சயானில் எங்கள் எதிர்வீட்டு அக்கா நேற்று சாயந்திரம் டீ குடிக்க வந்தார். "மே லீவுல பசங்க, மாமியாரோட கென்யா போறோம். சிங்கமும் பாக்கணும், பீச்சும் வேணும். எத்தனை நாள் போடலாம்?"

நாள் கணக்கு அப்புறம், முதலில் மாதத்தை மாற்றுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

மழைப்பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே ஏறும். ஜூனில் நம் சயான் தண்டவாளம் முழுகுவதற்கு முன்பே, மார்ச்சிலிருந்து மே வரை கென்யாவில் அடைமழைக்காலம். மசாய் மாராவில் பல இடங்களில் கரிசல் மண். நனைந்தால் ஜீப் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. புல்லும் வளர்ந்திருக்கும், படுத்திருக்கும் சிங்கம் கண்ணில் படாது. மொம்பாசா கடற்கரையிலோ ஆண்டிலேயே அதிக மழை மே மாதத்தில்தான். நம் கோடை விடுமுறை அவர்கள் மழைக்காலத்தில் போய் விழுகிறது.

தீபாவளி விடுமுறைக்குக் குறுமழை தொடங்கிவிடும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. டிசம்பர் கடைசியில் வானம் தெளியும், விலை ஏறும். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குக் கணபதி லீவு விடும்போது இன்னும் நாலு நாள் சேர்த்துக் கேட்டுப் போகலாம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வைல்ட்பீஸ்ட் மந்தைகள் மாராவில் இருக்கும். அவை ஆற்றில் குதிப்பதைப் பார்க்கும் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

காடு முதலில், கடல் பிறகு. சஃபாரிக்கு விடிகாலையில் எழ வேண்டும், உடம்பெல்லாம் புழுதி. மூன்று இரவு போதும். அப்புறம் தியானி கடற்கரையில் நாலு நாள் படுத்துக் கிடக்கலாம். வெளியே பவளப்பாறை அலையைத் தடுப்பதால் சின்னவனும் இறங்கலாம். மாராவுக்குக் குட்டி விமானத்தில் போவதென்றால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையில்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால், அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் மும்பை விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

"முறுக்கு எடுத்துக்கலாமா?" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் கவரில் மட்டும் வேண்டாம். 2017 ஆகஸ்டிலிருந்து அங்கே தடை. எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள்.