கடைக்குள் அலைக்கதிர் அளப்பது எப்படி?

கைபேசி ஆன்டெனாவின் கதிர்வீச்சைப் பற்றி நம் வணிகர்களிடையே வீண் பயமும் உண்டு, வீண் அலட்சியமும் உண்டு. கையடக்க மீட்டரைக் கடைக்குள் நீட்டி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டி, 'தடுப்பு' ஒட்டிகளை விற்றுப் போகிறவர்கள் எங்கள் மண்டித் தெருவுக்கும் வந்தார்கள். முத்திரையில்லாத தராசில் நாம் சரக்கு வாங்குவோமா?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் விழுகிறது என்பதே கணக்கு. 900 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கு 4.5 வாட் என்று 1998-ல் சர்வதேசக் குழு வரம்பு வைத்தது. நம் அரசு 2012 செப்டம்பர் முதல் அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாகக் குறைத்தது. சில மீட்டர்கள் வாட்டுக்குப் பதில் வோல்ட் காட்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 377-ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 13 வோல்ட் என்றால் சுமார் 0.45 வாட். வோல்ட் இரு மடங்கானால் வாட் நான்கு மடங்கு. பலர் ஏமாறுவது இங்கேதான்.

பழைய ஆன்டெனா தெருவிளக்கு மாதிரி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பக்கம் வீசும். 2022 அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்த 5ஜியில், 3,300 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி. யார் கைபேசியில் படம் இறக்குகிறாரோ அவர் பக்கம் கதிரைத் திருப்பும். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அளந்தால் அளவு மிகக் குறைவாகவே வரும். ஆகவே முறையாக அளப்பவர்கள் ஒரு 5ஜி கைபேசியில் பெரிய கோப்பை இறக்கி, கதிரைக் கடைப்பக்கம் வரவழைத்து, சில நிமிடச் சராசரி எடுப்பார்கள். அந்தக் கைபேசி கருவியை ஒட்டி இருந்தால் அதன் சொந்த அலையும் சேர்ந்து பதிவாகிவிடும். சில மலிவு மீட்டர்கள் 3,500-உடன் நின்றுவிடும். நம் 5ஜி அலை 3,670 வரை போகிறது.

கான்கிரீட் சுவரும் இரும்பு ஷட்டரும் அலையைக் குறைக்கும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விட்டுவிடும். இரும்பு அலமாரிகளில் பட்டுத் திரும்பும் அலை ஒரு சாண் தூரத்திலேயே கூடும், குறையும். எனவே கல்லாவில் உட்காருபவரின் தலை, மார்பு உயரங்களில் பல இடங்களில் அளக்க வேண்டும். ஆன்டெனா நேர் கீழே அதிகம் வீசுவதில்லை. அது நிற்கும் கட்டடத்தைவிட எதிர் மாடியில் அளவு கூடுதலாக இருப்பதுண்டு.

சிக்னல் குறைந்த குடோன் மூலையில், காதோடு ஒட்டிய கைபேசிதான் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. ஒட்டிக்குக் காசு கொடுப்பதைவிட வாசலுக்கு வந்து பேசுவது மேல்.

தொலைத்தொடர்புத் துறை 2017-ல் 'தரங் சஞ்சார்' இணையதளத்தைத் தொடங்கியபோது, 4,000 ரூபாய் கட்டினால் துறையினரே வந்து அளக்கும் வசதி செய்தது. யார் அளந்தாலும் கருவியின் அளவுத்திருத்தச் சான்றையும் அதன் தேதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.