பெயருண்டு, இனமில்லை!

ஒரு விலங்குக்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டுவிட்டால், அப்படியோர் இனம் உலகில் உண்டென்றே நாம் நம்பிவிடுகிறோம். சீனத்து ஆமைகள் சில இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன.

1991-ஆம் ஆண்டு பிரிட்சார்டு, மக்கார்டு என்னும் அறிஞர் இருவர் 'மாரெமிஸ் ஐவர்சோனி' என்ற புதிய ஆமையினத்தை விவரித்து எழுதினர். 1997-க்குள் இவ்வாறே வேறு சில பெயர்களும் தோன்றின. ஆனால், இந்த ஆமைகளிற் பல ஆய்வாளர் காட்டிலே கண்டெடுத்தவை அல்ல. ஹாங்காங் வணிகரிடம் விலைக்கு வாங்கியவை! அவை எங்கே பிடிபட்டவை என்பதற்கு வணிகர் வாய்ச்சொல்லே சான்று. 2001-இல் ஹைனான் தீவின் ஆமைப் பண்ணை ஒன்றில் இதே உருவமுள்ள ஆமைகள் காணப்பட்டதும் ஐயம் வலுத்தது.

உண்மையை உரைத்தது உயிரணு ஆய்வு. உயிரணுவிலுள்ள மைட்டோகாண்டிரியாவின் மரபுப்பொருள் தாய்வழியே மட்டும் வருவது. அதனை மட்டும் நோக்கினால் தந்தை யாரென்று தெரியாது. ஆகவே இருவழியும் வரும் மரபணுக்கள் ஆக்கும் புரதங்களையும் ஆராய்ந்தனர். ஐவர்சோனியிடம் இரண்டு இனங்களின் அடையாளங்களும் பாதிக்குப் பாதியாக இருந்தன. ஒன்று ஆசிய மஞ்சட் குள ஆமை. மற்றது மூவரிப் பெட்டி ஆமை. இவை இனத்தால் மட்டுமன்றிப் பேரினத்தாலும் வேறானவை! இனம் விட்டு இனம் கலவாதென்று பாடநூலில் படித்த நமக்கு இது வியப்பே.

அப்படியானால் பெயர் என்னாவது? தாவர நூலார் கலப்பினத்துக்கும் முறைப்படி பெயரிடுவர். நடுவே பெருக்கற்குறியும் இடுவர். விலங்கியல் விதி வேறு. கலப்பினம் என்றறிந்தே இட்ட பெயரை அது ஏற்பதில்லை. அறியாமல் இட்ட பெயர், பெற்றோர் இனம் இரண்டில் எதற்கும் செல்லுபடியாகும் பெயராக வழங்கலாகாது. பெற்றோர் பெயர்களைப் பெருக்கற்குறியால் இணைத்துச் சுட்டுவதே வழக்கம்.

இது வெறும் ஏட்டுச் சச்சரவன்று. மருந்தென்று நம்பி மக்கள் பெருவிலை கொடுத்து வாங்குவதால், மூவரிப் பெட்டி ஆமை அழிவின் விளிம்பில் நிற்கிறது. இல்லாத இனத்தைக் காக்கப் பொருள் செலவிட்டால், இருக்கும் இனத்துக்கு அது குறையும் அன்றோ?

ஆயினும், கலப்பு அனைத்தையும் பண்ணைக்காரர் தலையில் சுமத்துவதும் தவறு. ஹைனான் காடுகளில் இரண்டு பெட்டி ஆமையினங்கள் தாமாகவே கலந்திருப்பதை 2005-இல் ஆய்வாளர் அறிவித்தனர். 'செர்ராட்டா' என்ற பெயரால் தனியினமெனக் கருதப்பட்டது அவற்றின் கலப்பே.