‘ச’ காணாமல் போன பாக்ஸ்

சித்திரையில் கள்ளழகர் மலையடிவாரத்தை விட்டுக் கிளம்பினால், கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் என்று தல்லாகுளம் வரை மண்டகப்படிக்கு ஒரு மைக்செட் அலறும். அந்தக் கூட்டத்தில், “சிவகாசியிலிருந்து வந்த சரசு எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்” என்று அறிவித்தால், சில பாக்ஸ்களிலிருந்து ‘இவகாயி… அரஉ’ என்றுதான் வரும். சத்தத்துக்குக் குறைவில்லை, சொல்தான் விளங்காது. ட்வீட்டர் போய்விட்டது என்று பொருள்.

பாக்ஸுக்குள் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தவிலும் பேஸும் பெரிய காகிதக் கூம்புக்கு. சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஜால்ராவும், ‘ச’, ‘ஷ’ போன்ற உரசல் ஒலிகளும் மேலே குட்டிக் குழலுக்குப் பின்னால் இருக்கும் யூனிட்டுக்கு; அதுதான் ட்வீட்டர். கிராஸ்ஓவர் என்ற சின்னப் பலகை பங்கு பிரித்துத் தருகிறது. அந்த யூனிட் சினிமா பேசத் தொடங்கிய காலத்துச் சரக்கு. 1926-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வென்ட், துராஸ் இருவரும் உருவாக்கிய ‘555’ அதன் முன்னோடி. காகிதத்தை விட மெல்லிய டயாபிரம், அதன் விளிம்பில் தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றிய காயில், அது ஏறி இறங்கக் காந்தத்தில் ஒரு இடுக்கு. அவ்வளவுதான்.

இதைக் கொல்வது பெரும்பாலும் சூடு. உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு ஒலியாவதில்லை, காயிலைத்தான் சுடுகிறது. கூட்டம் கூடக் கூட, ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும் வரை திருகுகிறார்கள். அப்போது அலையின் உச்சி மழுங்கிச் சதுரமாகிறது. உச்சம் அதேதான், ஆற்றலோ கிட்டத்தட்ட இரு மடங்கு. போதாததற்கு பாட்டில் இல்லாத கீச்சொலிகளும் சேர்ந்து ட்வீட்டர் தலையில் இறங்குகின்றன. மைக் ஊளையிட்டாலும் இதே கதி. தோப்பரை என்ற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் திருவிழாவில் ஈரமும் இடுக்கில் துருவாகலாம். எனக்கு வேடிக்கையாகப் படுவது அடுத்த கட்டம்தான்: ஒலி மந்தமானதும் ட்ரெபிளை ஏற்றுகிறார்கள். செத்தது எழாது, பக்கத்துப் பாக்ஸில் உயிரோடிருப்பதும் சேர்ந்து போகும்.

சோதிப்பது எளிது. யூனிட்டின் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், 8 ஓம் யூனிட் ஏறக்குறைய 6 காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையா? ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்றால் உயிர் இருக்கிறது, கோளாறு கிராஸ்ஓவரிலோ வயரிலோ.

முழு யூனிட்டை மாற்றத் தேவையில்லை; பல மாடல்களுக்கு டயாபிரம் மட்டும் தனியாகக் கிடைக்கும். பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, கருகியதை எடுத்து, மடித்த ஒட்டுநாடாவை இடுக்கில் விட்டுச் சுற்றித் துகள்களை ஒற்றி எடுக்க வேண்டும். இரும்புத் திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். புது டயாபிரத்தில் ஓட்டை விழ அது போதும். சிவப்பு முனையும் கறுப்பு முனையும் பழையபடியே இருக்கட்டும்.

அவசரத்தில் பலர் விடுவது கிராஸ்ஓவரின் கெபாசிட்டரை. அது ஷார்ட் ஆகியிருந்தால் தவிலடி நேராக மேலே வரும், முதல் பாட்டிலேயே புது டயாபிரமும் கிழியும். எல்லாம் மாட்டியபின் சத்தத்தைக் குறைத்து வைத்து ‘சுந்தரராஜன்பட்டி’ என்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள். கரகரத்தால் காயில் இடுக்கில் உரசுகிறது. திருகுகளைத் தளர்த்தி மறுபடி நடுவில் உட்கார வைக்க வேண்டியதுதான்.