தாடைக்குள்ளும் மூட்டுவாதம்! தெரியுமா?

பன்னீர் திராட்சையைக் கொத்துக் கொத்தாகக் காலி செய்கிற பிள்ளை, பொங்கல் கரும்பை நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? கம்பத்துப் பிள்ளைக்குக் கரும்பு கசக்குமா என்ன! சொத்தைப் பல் இருக்கலாம், காதுவலி இருக்கலாம். மூட்டுவாதமாகவும் இருக்கலாம், தெரியுமா?

ஆமாம், தாத்தா பாட்டிக்குத்தான் வரும் என்று நாம் நினைத்திருக்கும் மூட்டுவாதமேதான்! 16 வயது நிறையாத பிள்ளைக்கு, காரணம் புரியாமல் 6 வாரமாவது ஒரு மூட்டில் அழற்சி நீடித்தால் அது இளம்பருவ மூட்டழற்சி. லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1897-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

முழங்கால் வீங்கினால் ஊரே பார்க்கும். தாடை மூட்டு அப்படியில்லை. காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒன்று அசைகிறதல்லவா, அதுதான்! கதவுக் கீல் மாதிரி மடங்கும். அது போதாதென்று முன்னால் வழுக்கியும் போகும். இடமும் வலமும் சேர்ந்தே ஆடியாக வேண்டும். இதில் பெரிய வில்லங்கம் என்ன தெரியுமா? அழற்சி இருந்தும் பல பிள்ளைகளுக்கு வலியே இருப்பதில்லை! எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் எலும்பு தேய்ந்திருக்கும். ஆரம்பத்திலேயே பிடிக்க, சாயம் ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று கேளுங்கள். கீழ்த்தாடை வளர்வதற்கான குருத்தெலும்பு, அந்த மூட்டுக்குள்ளேயே, எலும்பு முனையின் மேற்பரப்பை ஒட்டி இருக்கிறது! அங்கே அழற்சி வந்தால் தாடை வளர்ச்சியே மட்டுப்படும். ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் மோவாய் அந்தப் பக்கமாகக் கோணும். இரு பக்கமும் என்றால் மோவாய் உள்வாங்கிப் போகும். “அப்பா ஜாடை” என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்!

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பிள்ளை தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். நுழையவில்லையா, வாய் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, காலையில் மெல்லவே சிரமப்படுகிறதா? டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்தின் கதை இதைவிட ஆச்சரியம்! இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். அது உருவான லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தியவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ்! பீமவரத்தில் பிறந்தது 1895-இல். புற்றுநோய்க்காகப் பிறந்த அந்த மருந்து, குறைந்த அளவில் பிள்ளைகளின் மூட்டுவாதத்துக்கும் கேட்கிறது என்று அமெரிக்க, சோவியத் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது, வெளியானது 1992-இல். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிறதே, அதைச் செயற்கையாகத் தயாரித்ததும் சுப்பாராவ் குழுதான்!

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். மறந்துபோய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். அதற்கு அடங்காத அழற்சிக்கு அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்து ஊசிகள் உண்டு. அடாலிமுமாபின் உலகின் முதல் நகல் மருந்து 2014-இல் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான்!

முழங்காலில் போட்டால் நன்றாகக் கேட்கும் ஸ்டீராய்டு ஊசி, வளரும் பிள்ளையின் தாடை மூட்டுக்கு அத்தனை உகந்ததல்ல, தெரியுமா? மூட்டுக்குள் வேண்டாத இடத்தில் எலும்பு முளைப்பதும், வளர்ச்சி குறைவதும் நடந்திருக்கிறது. அதனால் அதை யோசித்துத்தான் போடுகிறார்கள். பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டருக்கும் இங்கே வேலை உண்டு. பல்மேல் மாட்டும் ஸ்பிளின்டின் உயரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, பின்தங்கிய பக்கத்துக்கு வளர இடம் கொடுப்பது டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்துப் பல் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை.

இதே நோய் கண்ணுக்குள்ளும் சத்தமில்லாமல் புகும்! சிவக்காது, வலிக்காது, பார்வையை மட்டும் தின்னும். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் பரிசோதனை வேண்டும். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரவிந்தை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கே இளவயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, தெரியுமா? பிரசவ மருத்துவராக நினைத்தவர், அதனால் கண் மருத்துவத்துக்கு மாறி, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்!

தாடை ஏற்கெனவே குட்டையாகிவிட்டால்? அழற்சி அடங்கிய பிறகு எலும்பை வெட்டி, திருகாணிக் கருவி பொருத்தி, நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் விலக்குகிறார்கள். இடைவெளியில் புது எலும்பு தானாக வளர்ந்து நிரப்பும்! சிலருக்கு விலா எலும்பின் குருத்தெலும்பு முனையை எடுத்துத் தாடையில் ஒட்டுவதும் உண்டு. வந்த இடத்திலும் அது வளரும். சில பிள்ளைகளுக்குத் தேவைக்கு மேலேயே வளர்ந்து, டாக்டர்களுக்கு மறுபடி வேலை வைக்கும்!