கயிறு அறுவதில்லை... கொக்கிதான் பிய்யுது! லோடு வண்டிக்கு நீங்களே செய்யலாம் சிக்கன ஆங்கர்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணி மலையடிவாரத்தில் காவடிகளுக்குப் போட்டியாக லோடு வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். அன்னதான அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், மேளம், ஸ்பீக்கர் பெட்டி என அத்தனையும் அதில்தான் வந்து இறங்கும். திருவிழா முடிந்தால் அதே வண்டிகளில் நகரி, புத்தூர் பக்கத்து மாங்காய் கிரேட், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை விசைத்தறிகளுக்கான பாவு பீம், வேர்க்கடலை மூட்டை, கோயம்பேட்டுக்குப் போகும் காய்கறி. பாதி தூரம் சென்னை - திருப்பதி நெடுஞ்சாலை. மீதி தூரம் வரப்பை ஒட்டிய மண் தடமும், திடீரென்று முளைக்கும் வேகத்தடையும்.

இந்தச் சாலைகளில் லோடு சரிந்து விழுந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது கயிற்றைத்தான். ஆனால் விழுந்த லோடின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பல நேரங்களில் கயிறு முழுசாக இருக்கும். கயிறு கட்டிய இடம்தான் பிய்ந்து வந்திருக்கும்!

அந்த இடத்துக்குப் பெயர்தான் ஆங்கர். சில நூறு ரூபாய் இரும்பையும் ஒரு டிரில் மெஷினையும் வைத்து நீங்களே பொருத்திவிடலாம். ஆனால் செய்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

கம்பெனி கொக்கி போதாதா?

2005-ல் டாடா ஏஸ் வந்து, நம் ஊரில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கியது முதல் சின்ன லோடு வண்டி இல்லாத தெருவே இல்லை. மேடு பள்ளத்துக்கு பொலேரோ பிக்கப், பழைய ஜீப். பெரும்பாலான லோடு பாடிகளில் பக்கவாட்டுச் சுவரின் வெளிப்புறம் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். உயரமாக அடுக்கிய மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்ட அவை நல்ல வசதி.

சிக்கல், தாழ்வான சரக்கில்தான் வருகிறது. ஒரு சிலிண்டரையோ ஜெனரேட்டரையோ பாடிக்குள் வைத்து, வெளிக் கொக்கியில் கயிறு கட்டினால் என்ன ஆகும்? கயிறு சுவரின் மேல் விளிம்பு வரை ஏறி, அங்கிருந்து படுக்கையாக உள்ளே வரும். சரக்கைக் கீழே அழுத்தவே அழுத்தாது. வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதித்தால் சரக்கும் சேர்ந்து குதிக்கும். அதற்குத்தான் பாடியின் தரையிலேயே ஆங்கர் வேண்டும்.

400 கிலோ மாங்காய்க்கு என்ன கணக்கு?

லோடு கட்டுவதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. அவசரமாக பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 80 சதவிகித விசையோடு முன்னால் பாயும். வளைவிலும், திடீரென்று வண்டி கிளம்பும்போதும் 50 சதவிகித விசையோடு பக்கவாட்டிலோ பின்னாலோ நகரப் பார்க்கும் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். அமெரிக்க விதியும் ஐரோப்பியத் தர அளவும் இதே எண்களைத்தான் சொல்கின்றன.

20 கிலோ கிரேட் 20 ஏற்றினால் 400 கிலோ. பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் 320 கிலோ தள்ளும். வளைவில் பக்கவாட்டில் 200 கிலோ. வெறும் 'இறுக்கிக் கட்டிட்டோம்' என்ற நம்பிக்கை இதைத் தாங்காது.

கயிற்றின் சாய்வும் முக்கியம். தரையிலிருந்து 30 டிகிரி சாய்வில் கட்டினால், இழுத்த விசையில் பாதிதான் சரக்கைக் கீழே அழுத்தும். 60 டிகிரியில் 85 சதவிகிதத்துக்கு மேல். அதனால் சரக்கின் மேலே போட்டுக் கட்டும் கயிறு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

சூட்சுமம் தகட்டுக்குக் கீழே!

பட்டறைகளில் சுலபமாகச் செய்து தரும் வேலை, ஒரு கம்பியை வளைத்துப் பாடித் தகட்டில் வெல்டிங் வைப்பது. கம்பி பலமானதுதான். ஆனால் மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்திலேயே தகடு வெந்து பலவீனமாகும். இழுவை முழுவதும் நாணயம் அளவு இடத்தில் விழும். நாலு மாசம் குலுங்கினால் கம்பியோடு தகடும் கிழிந்து வரும்.

கடையில் கிடைக்கும் வளையத் தலை போல்ட்டிலும் ஒரு ஆபத்து. அது நேர் மேலே இழுக்கத்தான் செய்தது. அடியில் தோள் வைத்த நல்ல ரகத்தையே 45 டிகிரி சாய்வாக இழுத்தால் அதன் தாங்கு திறன் 30 சதவிகிதமாகக் குறைந்துவிடும். தோள் இல்லாத சாதா ரகத்தைச் சாய்வாக இழுக்கவே கூடாது. லோடு கயிறோ எப்போதும் சாய்வாகத்தான் இழுக்கும்.

தீர்வு எளிது. தகட்டின் அடியில் ஒரு தடிமனான இரும்புத் துண்டு கொடுங்கள். இழுவை அந்தத் துண்டின் பரப்பு முழுக்கப் பரவும், தகடு கிழியாது. ஆங்கரின் பலம் மேலே தெரியும் வளையத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்? (4 ஆங்கருக்கு)

* 10 மி.மீ. கம்பியில் செய்த யூ போல்ட் - 4 (பைப் பிடிக்கும் யூ போல்ட்தான். கால் நீளமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்)
* 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் பட்டை இரும்பு - 1 மீட்டர்
* சாதா நட் - 8, நைலாக் நட் - 8
* ரெட் ஆக்சைடு பெயின்ட், கொஞ்சம் ரப்பர் ஷீட்

செய்வது எப்படி?

1. முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் டிரில் வேண்டவே வேண்டாம். சேஸிஸ் சட்டத்திலும் ஓட்டை போடக் கூடாது.

2. பாடியின் நாலு மூலைகளில், அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தை ஒட்டியே ஆங்கர் வரட்டும். நடுத் தகட்டைவிட அங்கே பலம் அதிகம்.

3. பட்டை இரும்பை 100 மி.மீ. நீளமுள்ள 8 துண்டுகளாக வெட்டுங்கள். யூ போல்ட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, ஒவ்வொரு துண்டிலும் 11 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். முனைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

4. அதே அளவில் பாடித் தரையில் ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பில் உடனே ரெட் ஆக்சைடு தடவுங்கள். விட்டால் முதல் மழையிலேயே துரு ஏறும்.

5. யூ போல்ட்டின் கால்களில் முதலில் சாதா நட், அடுத்து மேல் துண்டு, ரப்பர், பாடித் தகடு. அடியில் இன்னொரு துண்டு, கடைசியாக நைலாக் நட். குலுக்கலில் நைலாக் நட் சுலபத்தில் கழலாது.

6. வளையத்தை முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். கொக்கி நுழையும் இடைவெளி இருந்தால் போதும். உயரமாக நின்றால் பக்கவாட்டு இழுப்பில் கால் வளையும். கயிறு எந்தத் திசையில் இழுக்குமோ, யூ-வின் அகலப் பக்கம் அதே திசையில் இருக்கட்டும்.

வெல்டிங்தான் வேண்டும் என்றால், பேட்டரி ஒயரைக் கழற்றாமல் தொடங்காதீர்கள். இன்றைய பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் அந்த மின்சாரத்தில் பழுதாகலாம். ஜிங்க் பூசிய போல்ட்டை வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

இன்னும் மலிவாக... பழைய சீட் பெல்ட்!

ஜீப்பில் ஸ்டெப்னி, டூல் பாக்ஸ், தண்ணீர் கேன் மாதிரி இலகுவான பொருள்களைக் கட்ட, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சீட் பெல்ட் பட்டையே போதும். ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டாக மடித்து, இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போடுங்கள். கத்தியால் வெட்டினால் நூல் பிரியும். பெரிய வாஷர் வைத்து போல்ட்டில் முடுக்கினால் மென்மையான வளையம் தயார். புது சீட் பெல்ட் பட்டை சுமார் 1.5 டன்னாவது தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஆனால் வெயிலில் காய்ந்த பழைய பட்டைக்கும், ஓட்டை போட்ட பட்டைக்கும் அந்தப் பலம் இருக்காது. நிறம் மங்கியதையும் ஓரம் பிசிறியதையும் தொடாதீர்கள்.

எவ்வளவு நம்பலாம்?

இது வீட்டுத் தயாரிப்பு. எந்த ஆய்வுக்கூடமும் சோதித்துச் சான்று தரவில்லை. அதனால் ஒரு ஆங்கருக்கு 150 கிலோ இழுவைக்கு மேல் கணக்கு வைக்காமல் இருப்பது நல்லது. கட்டும் பெல்ட்டுகளின் மொத்தத் தாங்கு திறன், சரக்கின் எடையில் குறைந்தது பாதி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

கனமான சரக்கைக் கேபின் பக்கத் தடுப்போடு ஒட்டி வையுங்கள். பிரேக் போடும்போது வரும் பெரிய விசையைத் தடுப்பு தாங்கிக்கொள்ளும். மற்றதை மட்டும் ஆங்கர் பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக் கிரேட்டுக்கு அடியில் பழைய டயர் டியூபை வெட்டிப் போட்டால் வழுக்குவது வெகுவாகக் குறையும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. பாவு பீம் மாதிரி உருளும் சரக்குக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கயிறு.

சட்டம் என்ன சொல்கிறது?

பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ லோடு இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றி அமைப்பதையும் சட்டம் தடுக்கிறது. எனவே ஆங்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாடியின் நீளத்தையும் உயரத்தையும் கூட்டாதீர்கள்.

முக்கியமான இன்னொன்று. ஆங்கர் சரக்குக்கு மட்டும்தான். 'நல்லா கட்டியிருக்கு, மேல ஏறி உட்காருங்க' என்று கோயிலுக்குப் போகும்போது பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றாதீர்கள். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏற்றிச் செல்லும் பயணிகளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. விபத்து நடந்தால் உயிரும் போய், வண்டிக்காரரின் வீடும் போகும்.

கிளம்பும் முன்...

நட் தளர்ந்திருக்கிறதா, தகட்டில் விரிசல் தெரிகிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வளையம் துளி வளைந்திருந்தாலும் நிமிர்த்திப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். வளைந்து நிமிர்ந்த இரும்பை நம்ப முடியாது.

லோடு ஏற்றிக் கிளம்பினால் முதல் 10, 15 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். குலுக்கலில் சரக்கு படிந்து, கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும். ஒரு டீ குடிக்கும் நேரம்தான். பின்னால் பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வருகிறவருக்கு, உங்கள் வண்டியின் ஆங்கர் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.