வீட்டில் இல்லாத நோயாளிகள்: விழுப்புரம், திண்டிவனம் ஆண்களின் உடல்நலமும் மனநலமும்

தமிழ்நாட்டில் ஆண்களின் சராசரி ஆயுள் பெண்களுடையதைவிட ஏறத்தாழ நான்கு ஆண்டு குறைவு. இந்த வேறுபாட்டில் உடற்கூறுக்கும் பங்கு உண்டு. ஆனால் மது, புகையிலை, சாலை விபத்து, காலம் தாழ்த்திய சிகிச்சை ஆகியவற்றின் பங்கு கணிசமானது; அவை தடுக்கக்கூடியவை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். ஐந்தில் ஒருவர் புகையிலை பயன்படுத்துகிறார். பத்தில் மூன்று பேருக்கு ரத்த அழுத்தமும், ஐந்தில் ஒருவருக்குமேல் ரத்தச் சர்க்கரையும் கூடுதலாக இருக்கின்றன.

தொழில் தரும் நோய்

விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்கள் செய்யும் வேலைகள் பலவும் உடலை வருத்துபவை. வானூர் வட்டாரத்திலும் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பகுதியிலும் கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. மரக்காணத்தில் உப்பளமும் மீன்பிடிப்பும். விழுப்புரத்தைச் சுற்றிலும் கரும்பு, நெல், மணிலா. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரி, பஸ் ஓட்டுபவர்கள் ஒருபுறம்.

கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பு ஏற்படுத்துகிறது. இந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது; காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. இருமல், மூச்சிரைப்பு, எடை குறைதல் என அறிகுறிகள் இரண்டுக்கும் ஒன்றுபோல் இருப்பதால், கிரஷரில் வேலை செய்பவர் மருத்துவரிடம் தம் தொழிலைச் சொல்லியாக வேண்டும். உப்பளத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆபத்து வெயில். தண்ணீர் குடிக்காமல் கடும் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பது சிறுநீரகத்தைப் பழுதாக்குவதைத் தமிழகத்து உப்பளங்களில் நடந்த ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. ஓட்டுநர்களுக்கோ நெடுநேர இருக்கை, குறைந்த தூக்கம், நேரங்கெட்ட சாப்பாடு. இவை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழிவிடுகின்றன.

வீடு தேடி வரும்போது ஆண் எங்கே?

அரசு சேவைகளுக்குக் குறைவில்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு இரு ஊரிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சுகர், பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. தன்னார்வலர் வரும் பகல் பொழுதில் வேலைக்குப் போகும் ஆண் வீட்டில் இருப்பதில்லை. புறநோயாளிப் பிரிவு காலையில் திறக்கிறது; அப்போது அவர் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பார். தினக்கூலிக்காரர் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பெண்கள் கர்ப்ப காலத்திலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பழகியவர்கள். குழந்தைத் தடுப்பூசிக்கும் அவர்களே போகிறார்கள். ஆணுக்கு அப்படியொரு பழக்கமே ஏற்படுவதில்லை. பலருக்கு முதல் பரிசோதனை ஏதாவது அறுவை சிகிச்சைக்கோ விபத்துக்கோ சேர்க்கப்படும்போதுதான் நடக்கிறது. “நல்லாத்தானே இருக்கேன்” என்ற பேச்சும் இதற்குத் துணை. ரத்த அழுத்தமும் தொடக்கநிலைச் சர்க்கரையும் வலி தருவதில்லை என்பதால் அந்தப் பேச்சு உண்மைபோலவே தோன்றும். 2020-இல் மாநிலம் முழுக்க நடத்தப்பட்ட ஆய்வில், ரத்த அழுத்த நோயுள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே.

இந்த இடைவெளியை நிரப்பவே 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வேலையிடத்திலேயே பரிசோதனை செய்வது அதன் முறை. ஆலைகளுக்குப் பொருந்தும் இந்த முறை கிரஷருக்கும், லோடுமேன்கள் கூடும் மார்க்கெட் கமிட்டிக்கும், பஸ் பணிமனைக்கும், மீன் இறங்குதளத்துக்கும் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் நடக்கும் முகாமில்தான் ஆண்களைப் பிடிக்க முடியும்.

‘கேஸ்’ என்று தள்ளிப்போடும் நெஞ்சுவலி

மாரடைப்பின் முதல் மணி நேரங்கள் பெரும்பாலும் வீணாவது ‘வாய்வுப் பிடிப்பு’ என்ற சுயமுடிவால்தான். சோடா குடித்துப் பார்ப்பது, சுக்கு தட்டிப் போடுவது, மெடிக்கலில் மாத்திரை வாங்குவது என்று நேரம் போகும். இதயத் தசைக்கு ரத்தம் நின்ற ஒவ்வொரு நிமிடமும் திசு இறக்கிறது. நடுநெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தெரிந்தால் 108-ஐ அழைப்பதே சரி. 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதலுதவியாக 14 மாத்திரைகள் கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறலும் திடீர்ச் சோர்வும் மட்டுமே அறிகுறியாக இருக்கும்.

பேசக் கூசும் இன்னொன்று விறைப்புக் குறைபாடு. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தினுடையவற்றைவிடச் சிறியவை. அதனால் குழாய் அடைப்பின் அறிகுறி சில ஆண்டுகள் முன்பே அங்கே தெரியக்கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மனச்சோர்வு என எல்லாமே இதற்குக் காரணமாகலாம். ஊர் ஊராகச் சுற்றி லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மைக்குறைவு’ பார்ப்பவர்களிடம் பணம் கொடுப்பவர், அடியில் இருக்கும் நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை இழக்கிறார். ஒரு ரத்தப் பரிசோதனை பல நேரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குடி

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்கல், வயிற்றுவலி, வாந்தி தொடங்கியவுடன் மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றக்கூடும். போலீஸுக்குப் பயந்து வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

கடையில் விற்கும் மதுவும் கல்லீரலையும் கணையத்தையும் மெல்லக் கெடுக்கும். மாலை போடுவதும் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் இந்தப் பக்கத்தில் பலருக்குக் குடியை நிறுத்தும் வாய்ப்பாக அமைகின்றன. ஆனால் தினமும் மிகுதியாகக் குடித்து வந்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு மருத்துவர் மேற்பார்வை தேவை. 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. தனியார் இடத்தில் சேர்க்கும் குடும்பம் அதன் பதிவை முதலில் சரிபார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் முறையான அனுமதியின்றி நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்க நேர்ந்தது.

சொல்லாத துயரம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒருவர் தினக்கூலி. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து அதிக எண்ணிக்கை தமிழ்நாட்டில்தான். கடன், குடும்பத் தகராறு, நோய், குடி எனக் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஆணின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாது. எரிச்சல், தூக்கமின்மை, கூடிப்போன குடி, வேலையில் நாட்டமின்மை, நண்பர்களைத் தவிர்ப்பது, இன்ன இடமென்று சொல்லமுடியாத உடல்வலி ஆகிய வடிவங்களில் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இவை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது, பேசும் வழியைத் திறந்துவிடும்.

வழக்கு வரும் என்ற அச்சமும் தேவையில்லை. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 104-இலும் ஆலோசனை கிடைக்கும்.

எந்த வயதில் எது

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ மறுபரிசோதனையும் சிகிச்சையும் தேவை. ஹான்ஸ், பான், பீடி பழக்கம் உள்ளவர் வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை. ஐம்பதுக்குப் பின் இரவில் அடிக்கடி சிறுநீர் போவதையும் மெலிந்த நீர்த்தாரையையும் வயதின் மேல் போட்டுவிடாமல் புராஸ்டேட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடப்பவை. பிரஷர், சுகர் மாத்திரையை ‘சரியாயிடுச்சு’ என்று தாமாக நிறுத்தக் கூடாது. அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.